பதினொரு நாள் அறுப்பு

ஆஸ்திரேலியாவின் பூலாரியில் பிஜிக்காரர் வீடுகள் மொத்தம் இருபத்தேழு. மார்க்கத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் மவுல்விசாபுக்குப் போன் போடுவதில்லை. சைரூன் நிஷாவுக்குத்தான் போடுவார்கள். மவுல்விசாபிடம் கேட்டால் முதலில் ஒரு பெருமூச்சு வரும், பிறகு வேறு யாரையோ பற்றி ஒரு விசாரணை வரும், கடைசியில் "உன் வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்று முடியும். சைரூனிடம் அந்தச் சள்ளையெல்லாம் கிடையாது. ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் திரையிலுமாக, ரொட்டி புரட்டுகிற நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் அடுப்படியில்தான் இருந்தது, மாவு டப்பாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில். அரபி எழுத்துகளைத் தாளில் எழுதி, கத்தரித்து, கீபோர்டு கட்டைகளின் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். மஞ்சள் கை பட்டுப் பட்டுப் பாதி எழுத்து மங்கிப்போயிற்று. மங்கினால் என்ன, விரலுக்கு இடம் தெரியும். பிஜியில் லம்பாசா மதரசாவில் ஆறு வருஷம் அரபி படித்தவள் அவள். அங்கேயே பாடம் சொல்லித்தரும் உஸ்தாதாகியிருக்க வேண்டியவள். ஊரில் துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்த வருஷம் புருஷனோடு கிளம்பி ஆஸ்திரேலியா வந்து, இந்தக் கோதுமைச் சீமையில் இறைச்சி ஆலையின் பொட்டலப் பிரிவில் பத்து வருஷம் நின்று, முதுகு போனபிறகு வீட்டோடு இருந்தாள். குர்ஆனும் நபி வாக்குகளின் பெரிய ஹதீஸ் தொகுப்புகளும் இணையத்தில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. மேலே ஒரு தேடல் பெட்டி. அதில் அரபியில் ஒரு சொல்லை அடித்தால் போதும், அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் வரிசையாக வந்து விழும்.

"பாபிக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல" என்பார்கள், அவளை அண்ணி முறை வைத்து.

"எனக்கு ஒரு எழவும் தெரியாது. எந்தச் சொல்ல அடிக்கணும்னு தெரியும், அவ்வளவுதான்" என்பாள் சைரூன்.

நாலு வீடு தள்ளி இருக்கிற ஃபரீதன்தான் அதிகம் கேட்பவள். பெரிய வாய், நல்ல மனசு.

"பாபி, முடிக்குச் சாயம் அடிக்கலாமா?"

"யாருக்குடி, உனக்கா, உன் மாமியாருக்கா?"

"மாமியாருக்குத்தான். அடிக்கக் கூடாதுன்னு வந்தா நல்லாருக்கும். பாத்துச் சொல்லுங்க."

"நல்லாருக்கும்கிறதுக்காகவா வரும்? சாயம் கூடும்னு வருது. கறுப்பத்தான் வேணாங்குது."

"போங்க பாபி, உங்களால ஒரு பிரயோசனமும் இல்ல."

இந்தச் சிரிப்பெல்லாம் ஜூன் மாதத்தோடு சரி.

ஜூன் அங்கே குளிர்காலம், கால்வாய்ப் பக்கமிருந்து மூடுபனி கிளம்பும். விடியற்காலையில் நீட்டிய கை தெரியாது. சைரூனுக்கு இருந்தது ஒரே பிள்ளை, இர்ஷாத், பத்தொன்பது வயது. படிப்பு ஏறவில்லை. அவனுடைய அப்பா ஹஸ்மத் ஆலையில் பதினாறு வருஷமாக ஆடு அறுக்கிறவர், நல்ல பேர் உள்ளவர். மேலே சொல்லி அவனுக்குக் குளிர் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்டு, பிள்ளைக்கு ஐந்து மணி. அதனால் பிள்ளை தன் காரில் முன்னால் போவான். அன்றைக்குக் கால்வாய் முக்கில் கோதுமை லாரி வந்தது அவனுக்குத் தெரியவில்லை. லாரிக்காரனுக்கும் இவன் தெரியவில்லை. அல்லா கொடுத்த உயிர், அவ்வளவு சீக்கிரம் திரும்பக் கேட்டுவிட்டான்.

இருபத்தேழு வீடும் திரண்டு வந்தது. குழி வெட்டியவர்கள் அவர்கள்தான். உறைந்து கிடந்த மண்ணைக் கடப்பாரை போட்டுப் பிளந்தார்கள். ஃபரீதன் இருபது நாள் சோறு கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். அதை சைரூன் சாகிறவரைக்கும் மறக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து ஹஸ்மத் வேலைக்குப் போனார். போகாமல்? ஆடு வந்துகொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஏழு. அவரும் ஃபரீதனின் புருஷன் ஜக்கரியாவும் அரைமணிக்கு ஒருவராக மாறி மாறி நிற்பார்கள். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, இடுப்பில் மூன்று கத்தி, காதில் அடைப்பான். ஒவ்வொரு ஆட்டுக்கும் கத்தி வைக்கிற நேரத்தில் பிஸ்மில்லா, அல்லாஹு அக்பர் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் ஹலால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டால் இந்த ஆலையும் இல்லை, இவர்களும் இல்லை. ஆனால் அந்த இயந்திர இரைச்சலில் ஒருவன் சொன்னது பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. அவன் வாய்க்கும் அல்லாவுக்கும் நடுவில் உள்ள கணக்கு அது.

ஜூலை நடுவில் ஒரு நாள் மத்தியானம் ஹஸ்மத் வேலை முடிந்து வந்தார். குளித்தார். ஆனால் சாப்பிட உட்காரவில்லை; கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மனிதர் பதினைந்து வருஷத்தில் அதன் பக்கம் வந்ததே இல்லை. ஃபரீதன் மேசையில் உட்கார்ந்து மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சைரூன், ஒண்ணு பாரேன்."

"என்ன பாக்கணும்?"

"அறுக்கிறவன் அல்லா பேர் சொல்ல மறந்துட்டா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். பசங்க ஆலைல பேசிக்கிட்டாங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறதி என்பதற்கான சொல்லை அடித்தாள். நிறைய வந்தது. தொழுகையில் மறந்தவன், நோன்பை மறந்து தண்ணீர் குடித்தவன், சத்தியத்தை மறந்தவன். எங்கே பார்த்தாலும் மன்னிப்பாகவே இருந்தது. இந்தச் சமுதாயத்துக்குப் பிழையும் மறதியும் மன்னிக்கப்பட்டுவிட்டன என்ற இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினாள்.

"மறந்தா குத்தம் இல்லங்க. நம்ம மத்ஹபு சட்டத்துலயும் அப்படித்தான். கறி கூடும்."

"ம்" என்றார்.

"அல்லா எவ்வளவு லேசாக்கி வச்சிருக்கான் பாருங்க பாய்" என்றாள் ஃபரீதன்.

ஹஸ்மத் அவளையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் கறி தொடவில்லை. பருப்பு, டின் மீன், பூசணிக்காய் என்று ஒதுங்கிக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறவருக்கு நாக்கு செத்துப்போயிருக்கும் என்று சைரூன் நினைத்தாள். அவளுக்கே எதுவும் ருசிக்கவில்லை. இதைப் போய் யார் துருவிக் கேட்பார்கள்?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆலை மேலாளர் நல்ல வெள்ளைக்காரர். பையன் பேரால் விருந்து என்று கேள்விப்பட்டதும் நாலு முழு ஆட்டைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஜக்கரியா வெள்ளிக்கிழமையே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். "எல்லாம் பாய் கையால அறுத்ததுதான், பாபி. அவர் கை பட்டதாப் பாத்து எடுத்துட்டு வந்தேன். அப்பன் அறுத்தது புள்ள பேருக்குப் போகட்டும்" என்றான். ஹஸ்மத் கொட்டகையில் நின்று அந்த நாலு ஆட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கார் கொட்டகைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, மூன்று அடுப்பு மூட்டியாயிற்று. ஒன்றில் பலாவு, ஒன்றில் குருமா, ஒன்றில் பருப்பு. பனி இன்னும் விலகவில்லை. புகையும் பனியும் கலந்து கண் எரிந்தது. பெண்கள் வெங்காயம் உரித்தார்கள். ஆண்கள் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து பிஜிப் பானமான யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடித்தபடி பனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஹஸ்மத் அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சைரூன். அன்னைக்கு நான் உன்கிட்ட கேட்டது பொய்."

"என்ன பொய்?"

"மறக்கல."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியோடு நின்றாள்.

"பதினோரு நாளா நான் பேர் சொல்லல. அது தொடங்குன நாளு ஸ்டோர்க்காரன் வந்தான். இர்ஷாதோட ரப்பர் பூட்ஸையும் தொப்பியையும் ஒரு பைல போட்டு, கையெழுத்துப் போடுங்கன்னான். போட்டேன். திரும்பிப் போய் நின்னேன். ஆடு வந்துச்சு. கத்திய வச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு, சைரூன். நான் சொல்லல. வேணும்னே சொல்லல."

"யா அல்லா."

"அன்னைக்குக் காலைல அவன் வண்டில ஏறும்போது நான் வாசல்ல நிக்குறேன். பிஸ்மில்லா சொல்லி எடுடாங்குறேன். சொல்லிட்டேன்ப்பா அப்படிங்குறான் சிரிச்சிக்கிட்டே. சத்தமா இன்னொரு தரம் சொல்லிட்டு சாவியத் திருப்புனான். என் ரெண்டு காதாலயும் கேட்டேன். சொல்லித்தானே போனான்? அல்லா பேரைச் சொல்லித்தானே போனான்? அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வெளியில கொதிக்குறது..."

"அதுவும்தான். நாலும்தான். ஊர்ல எல்லார் ஃப்ரீசர்லயும் இருக்குறதுந்தான். வெளிநாட்டுக்குப் போனதுந்தான். ஒரு பதினாறாயிரம் ஆடு இருக்கும்."

சைரூன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். வேண்டுமென்று என்பதற்கான அரபிச் சொல்லை அடித்தாள். விரல் இரண்டு தடவை தப்பிப் போயிற்று. மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. திரை நிறைந்துவிட்டது. ஆனால் அறுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. என் மீது வேண்டுமென்று பொய் சொல்பவன் நெருப்பில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற நபி வாக்கு. அதற்குக் கீழே அதுவே, வேறொருவர் சொன்னதாக. அதற்கும் கீழே அதுவே. உருட்ட உருட்ட, பக்கம் பக்கமாக, அந்தச் சொல்லோடு சேர்ந்து அந்த ஒரே வாக்குதான் வந்துகொண்டிருந்தது. அறுப்புக்கான சொல்லையும் சேர்த்து அடித்தாள். பேர் சொல்லப்படாததை உண்ணாதீர்கள் என்ற வசனம் வந்தது. அதன் விளக்கத்துக்குப் போனாள். மற்ற இமாம்களில் சிலர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் மத்ஹபில் வழி இல்லை. வேண்டுமென்று விட்டது தானாகச் செத்த பிராணிக்குச் சமம், தின்னக் கூடாது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் ஹஸ்மத்.

அவள் பக்கத்தை மூடினாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான் போய்ச் சொல்லப் போறேன்."

"இன்னைக்கா? எல்லாரும் வந்து உக்காந்தாச்சுங்க. வேற நாள்..."

"வேற நாள்னா இன்னைக்கு எம் புள்ள பேரால இதத் திங்க வைக்கச் சொல்றியா?"

கொட்டகையில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது.

மத்தியான லுஹர் தொழுது, யாசீன் ஓதி, ஃபாத்திஹாவும் முடிந்தது. தட்டுகள் நிறைந்தன. ஜக்கரியா பெரிய பெரிய துண்டாகப் பார்த்து மவுல்விசாபுக்கு வைத்தான். மவுல்வி கலீமுதீன் இந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கு இமாம், ஆலையில் முத்திரைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அவர் கையைத் தட்டில் வைக்கப்போகிற நேரத்தில் ஹஸ்மத் எழுந்து நின்றார்.

"யாரும் கறியத் தொடாதீங்க."

பிறகு அடுப்படியில் சொன்னதை அப்படியே சொன்னார். பூட்ஸையும் தொப்பியையும் சொன்னார். பதினோரு நாள் என்றார். வேணும்னே என்றார். பிள்ளை சாவியைத் திருப்பினதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கு மட்டும் சொன்னது.

எழுபது எண்பது பேர். தட்டுக்குப் போன கையெல்லாம் பின்னால் வந்தது. யாரோ ஒரு குழந்தை சோற்றை அள்ளப் போக, அதன் தாய் கையைத் தட்டிவிட்டாள், அது வீறிட்டது.

முதலில் பேசியது ஜக்கரியாதான். "பாய், என்ன பேச்சுப் பேசுறீங்க நீங்க? இது வெளில போனா என்ன ஆகும் தெரியுமா? முத்திரை போச்சு. முத்திரை போனா நாளைக்கே கதவ இழுத்துச் சாத்திருவான் வெள்ளக்காரன். இருபத்தேழு வீடும் பொட்டியக் கட்ட வேண்டியதுதான். எங்க போறது? திரும்ப லம்பாசாவுக்கா?"

"அதுக்குன்னு?"

"அதுக்குன்னு ஒண்ணுமில்ல. உங்களுக்கு நெதானம் தப்பிப்போச்சு. பெத்த புள்ளயப் பறிகொடுத்தவரு. எவனுக்குத் தப்பாது?"

மவுல்வி தாடியைத் தடவினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையெழுத்து அவருடையது அல்லவா? "உக்காருப்பா ஹஸ்மத். நான் சொல்றதக் கேளு. துக்கத்துல இருக்குறவனுக்கு எது நெனவு, எது மறதி? சொல்லிருப்பே, சொன்னது உனக்கே தெரிஞ்சிருக்காது. இல்லாட்டி மறந்திருப்பே. மனசு அப்புறமா உக்காந்து வேணும்னே செஞ்சேன்னு கத கட்டும். ஷைத்தான் வேல அது."

"கத இல்ல மவுல்விசாப். எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? மறந்துட்டேன்னு சொல்லிரு. ஒரு வார்த்த. முடிஞ்சு போச்சு."

"மறக்கலங்குறேன்ல!"

அந்த நேரத்தில் ஃபரீதன் எழுந்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. காப்பாற்றத்தான் எழுந்தாள். "அல்லா மேல ஆணையா, எனக்குத் தெரியும்! போன வாரம் நான் பாபி வீட்டுல இருக்கும்போது பாய் வந்து கேட்டாரு. பேர் சொல்ல மறந்துட்டா என்னன்னு கேட்டாரு. மறக்காதவரு எதுக்கு மறந்துட்டா என்னன்னு கேக்கணும்? பாபி, கேட்டாரா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அடுப்படி ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். சைரூன் உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டாரா பாபி?" என்றார் மவுல்வி. வாழ்நாளில் முதல் தடவையாக அவளிடம் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்.

"கேட்டாரு" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன வந்துச்சு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

அவள் அந்த முகங்களைப் பார்த்தாள். உறைந்த மண்ணை வெட்டினவர்கள். பிள்ளை கிடந்த சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்கள். ஃபரீதன், வாய் பிளந்து, கண் கலங்கி நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் தட்டுக்கு முன்னால் இருந்தன. இதைச் செத்த பிராணி என்று சொன்னால், இர்ஷாத் பேரால் ஊருக்கு அதைப் பரிமாறியவள் அவள். அந்த எண்ணத்தையே அவளால் தாங்க முடியவில்லை. ஹஸ்மத் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. நீ சொல்லிவிடுவாய் என்ற நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார், பாவி மனிதர்.

சைரூன் உட்கார்ந்தாள். மறதி என்பதற்கான சொல்லை அடித்தாள். இந்தத் தடவை விரல் தப்பவில்லை. வந்ததை முதலில் அரபியில் ஓதினாள், நல்ல ராகத்தில், மதரசாவில் படித்த மாதிரி. பிறகு பொருள் சொன்னாள். பிழையும் மறதியும் மன்னிக்கப்பட்டுவிட்டன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மவுல்வி. தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "நாம பேர் சொல்லிச் சாப்பிடுவோம். எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க."

எண்பது வாயும் பிஸ்மில்லா சொன்னது. தார்ப்பாய் அதிர்ந்தது. ஜக்கரியா ஹஸ்மத்தின் தோளைத் தட்டி, "பாவம் பாய், மறந்துட்டாரு. யாரும் வெளில பேசக் கூடாது" என்றான். பெண்கள் பக்கமும் அதுவே பரவியது: மறந்துட்டாராம், பாவம், புள்ள நெனப்புல மறந்துட்டாராம். அம்மாக்கள் குழந்தைகளுக்குக் கறியைப் பிய்த்துக் கொடுத்தார்கள். ஃபரீதன் ஒரு தட்டைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக சைரூன் கையில் வைத்து, "நீங்க தின்னாத்தான் நான் தின்பேன்" என்று நின்றாள். சைரூன் ஒரு வாய் எடுத்து மென்றாள். விழுங்கினாள்.

ஹஸ்மத் கொல்லைக் குழாயடிக்குப் போய்விட்டார். கையில் ஒன்றும் படவில்லை, ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. விரல் சிவந்து கிடந்தது. சைரூன் பின்கதவு வழியாக இறங்கி வந்து குழாயை மூடினாள்.

"ஏங்க, எத்தன குடும்பம். நான் வேற என்ன செய்ய முடியும்?"

"நீ ரெண்டும்தான் தேடுனே."

"தேடுனேன்."

"ஒண்ணத்தான் படிச்சே."

அவள் முந்தானையால் அவர் கையைத் துடைக்கப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பதினாறு வருஷமா அல்லா பேரச் சொன்னேன், சைரூன். எம் புள்ளைக்காக அவன்கூட நான் போட்ட சண்ட இது ஒண்ணுதான். எல்லாரும் கேக்கணும்னுதான் எந்திரிச்சு நின்னேன். அதயும் மறதின்னு ஆக்கிட்டே."

அவர் ரப்பர் செருப்போடு வேலியைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கம் நடந்தார். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரத்தில், அன்று பூரா விலகாத பனியில் ஆள் தெரியவில்லை.

"பாபி!" கொட்டகையிலிருந்து ஃபரீதன் கத்தினாள். "பலாவு தீந்துபோச்சு! இன்னும் கேக்குறாங்க. அடிச்சட்டியச் சுரண்டலாமா?"

"சுரண்டுடி" என்றாள் சைரூன்.